பயிற்றுநரையும் நிர்வாகியையும் ஒரே சமயத்தில் மாற்றும்போது கால்பந்து கிளப் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நிர்வாகி, அப்புறம்தான் பயிற்றுநர். நம் மலேசியக் கால்பந்து கிளப்புகள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் பயிற்றுநரின் தலை உருளும், ஊர் வாயை அடைக்க அதே வாரத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், மூன்று மாதம் கழித்து நிர்வாகியும் மாறுவார், வந்தவருக்கு அந்தப் பயிற்றுநரின் ஆட்டமுறை பிடிக்காது, மறுபடியும் முதலிலிருந்து.

நிர்வாகி என்று நான் சொல்வது ஆட்டக்காரர்களை எடுப்பது, ஒப்பந்தம், சம்பளம் எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவரை. சில கிளப்பில் அவரை சிஇஓ என்பார்கள், சில இடத்தில் மேனேஜர். அவர் யார் என்று முடிவானால்தான் எந்த மாதிரி ஆட்டம், எவ்வளவு பணம், இளையோர் அணியிலிருந்து எத்தனை பேர் மேலே வருவார்கள் என்பதெல்லாம் முடிவாகும். அதற்கு ஏற்ற பயிற்றுநரை அவரே தேடட்டும்.

அதுவரை அணியை யார் பார்த்துக்கொள்வது? உதவிப் பயிற்றுநர்தான். ஆனால் நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் தலைமைப் பயிற்றுநருக்கு ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) தரும் புரோ உரிமம் அல்லது அதற்கு ஈடானது வேண்டும், அதனால் அவர் கையில் எந்த உரிமம் இருக்கிறது, தற்காலிகமாக எத்தனை நாள் விடுவார்கள் என்று லீக்கை நடத்தும் எம்எஃப்எல்லிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆட்டக்காரர் பதிவுக் காலம் முடிந்த மறுநாள் பயிற்றுநரை மாற்றாதீர்கள். புதியவர் வந்து தனக்கு வேண்டிய ஒரு ஆளைக்கூட எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் பழைய அணியோடே ஓட்ட வேண்டியிருக்கும்.

இப்போது பணம். இங்கேதான் கிளப்புகள் மூழ்குகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2021 ஜனவரி முதல் பயிற்றுநர் ஒப்பந்தங்களுக்கு என்றே ஃபிஃபா தனி விதிகள் வைத்திருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் மிச்சமிருக்கும் காலத்துச் சம்பளத்தை வைத்துத்தான் இழப்பீட்டைக் கணக்குப் போடுவார்கள், அதற்குள் அவர் வேறு இடத்தில் சேர்ந்திருந்தால் அந்த வருமானத்தைக் கழிப்பார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால் பயிற்றுநரே எழுத்தில் குறைந்தது 15 நாள் கெடு கொடுத்து, அப்போதும் பணம் வராவிட்டால் விலகிப் போய் இழப்பீடு கேட்கலாம். தீர்ப்பு வந்தும் கட்டாமல் இழுத்தடித்தால் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யவே தடை விழும். 'தோற்றுக்கொண்டே இருந்தார்' என்பது தானாகவே தகுந்த காரணம் ஆகிவிடாது. ஆகவே எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அறிக்கை விடாமல், முதலில் அவரை உட்காரவைத்துப் பேசி, ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் இத்தனை மாதச் சம்பளம் கொடுத்தால் பிரிந்துவிடலாம் என்று ஒரு வரியை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

உள்ளே வரும் நிர்வாகி கையெழுத்துப் போடும் முன் ஊழியர் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்பீடு), வருமான வரி மூன்றிலும் பாக்கி எவ்வளவு என்று கேட்க வேண்டும். வாய்ச்சொல் போதாது, தாளைக் காட்டச் சொல்லுங்கள். பழைய நிர்வாகி கிளம்பும் முன் எல்லா ஒப்பந்தமும் என்று முடிகிறது, வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் வேலை பெர்மிட் என்று காலாவதியாகிறது, அவர்களுக்கு எடுத்துக் கொடுத்த வீட்டு வாடகை யார் பெயரில் இருக்கிறது, யாருக்கு முழங்காலில் என்ன காயம் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். அப்புறம் அணியின் சட்டை, பந்து எல்லாம் பார்த்துக்கொள்ளும் கிட்மேன் அண்ணனோடு அரை மணி நேரம் பேசுங்கள். எந்த ஆட்டக்காரர் யாரோடு பேசுவதில்லை, யார் பயிற்சிக்குத் தாமதமாக வருகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஆட்டக்காரர்களிடம் நேரில் சொல்லுங்கள். காலையில் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துத் தங்கள் பயிற்றுநர் போய்விட்டார் என்று தெரிந்துகொள்ளும் நிலைமை எந்த அணிக்கும் வரக்கூடாது.

சரி, பயிற்றுநரை எப்படித் தேர்ந்தெடுப்பது? வீடியோ ஒன்றை எடுத்துப் போவது நல்லது. உங்கள் அணி கடைசியாகத் தோற்ற ஆட்டத்தைப் போட்டு, கோல் விழுவதற்கு பத்து விநாடி முன் நிறுத்தி, என்ன தப்பு நடக்கிறது என்று கேளுங்கள். பந்தைத் தவறவிட்ட தற்காப்பு ஆட்டக்காரரை மட்டும் காட்டுகிறாரா, பந்து ஏன் அங்கே போனது என்று நடுத்திடலிலிருந்து சொல்லத் தொடங்குகிறாரா என்று கவனியுங்கள். நோன்பு மாதத்தில் பயிற்சியை எந்த நேரத்துக்கு மாற்றுவீர்கள் என்றும் கேளுங்கள். பாதி அணி பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கும்போது மாலை நாலு மணிக்கு ஓடவிடுபவர் கோலாலம்பூருக்கு ஆகமாட்டார். குரோவேஷியப் பயிற்றுநர் போயான் ஹோடாக்கை எடுத்துக்கொள்ளுங்கள், 2012-இல் கிளாந்தானோடு மூன்று கிண்ணம் வென்று இந்த லீக்கை நன்றாகத் தெரிந்த ஆள், 2021-இல் கோலாலம்பூர் சிட்டிக்கு மலேசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார், 1989-க்குப் பிறகு முதல் முறையாக.

உள்ளூர் ஆட்களைத் தாண்டிப் போகாதீர்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். 2009-இல் யுஏஇயிடம் 5-0 என்று தோற்ற பிறகு தேசியக் குழுவின் பயிற்றுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட பி. சத்தியநாதன், மறு வருடமே கிளாந்தானுக்கு அதன் முதல் மலேசியக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். கே. தேவன் 2021-இல் நெகிரி செம்பிலானை சூப்பர் லீக்கிற்கு ஏற்றினார், அடுத்த வருடமே அந்த அணி நான்காம் இடம்.

கடைசியாக, எத்தனை ஆட்டம் பொறுப்பது என்பதைப் பதவியேற்பு நாளிலேயே நிர்வாகமும் பயிற்றுநரும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாவதாக வந்தது, 2022-இல் பயிற்றுநரை மாற்றியும் கடைசி இடம்தான். மாற்றினால் மட்டும் புள்ளி வந்துவிடாது. தேசியப் பயிற்றுநராக இருந்த கே. ராஜகோபால், தென்கிழக்காசிய நாடுகள் மோதும் 2010 ஏஎஃப்எஃப் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று அடி வாங்கினார். அன்றிரவு அவரை அனுப்பச் சொல்லி யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால், அதே இந்தோனேசியாவை இறுதியாட்டத்தில் 4-2 என்ற மொத்தக் கணக்கில் வென்று மலேசியா அந்தக் கிண்ணத்தை முதல் முறையாகத் தூக்கியபோது அவர் அங்கே இருந்திருக்க மாட்டார்.