தண்டையார்பேட்டையில் சொத்து வரி எகிறினால்

எங்கள் தெருவில் யாருக்காவது வரி ஏறினால் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். வீட்டில் அளக்கிற டேப் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

சென்னை மாநகராட்சி, கட்டிடப் பரப்பளவையும் தெருவுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் அடிப்படை விகிதத்தையும் வைத்து வரி போடுகிறது. தெரு விகிதத்தோடு தனியாளாக மல்லுக்கட்டிப் பயனில்லை. பரப்பளவில்தான் பிடி கிடைக்கும். வெளிச்சுவரையும் சேர்த்து அளந்து பாருங்கள். உள்ளளவை மட்டும் காட்டினால் வாதம் நிற்காது. 2022 உயர்வில் இங்கே 600 சதுர அடிக்குள் 50 சதவீதம், அதற்கு மேல் 1,200 வரை 75 சதவீதம். எல்லையில் நிற்கிற வீட்டுக்கு நாலு சதுர அடியும் பணம்தான்!

அப்புறம், நீங்களே குடியிருக்கும் பகுதியை வாடகை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கடையை மூடி வீடாக்கியிருந்தால் வீட்டு இணைப்புக்கான மின்கட்டண ரசீது நல்ல சாட்சி.

மண்டல அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். பத்திர நகல், அளவோடு கையால் போட்ட வரைபடம், ‘நேரில் வந்து அளக்கவும்’ என்று ஒரு வரி போதும். உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். மொட்டைமாடி ஷீட் கொட்டகையை மட்டும் மறைக்காதீர்கள். அளக்க வருபவர் முதலில் மாடிப்படி எங்கே என்றுதான் கேட்பார்.