கைத்துப்பாக்கி வேட்டை: காலிபர் தேர்வில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

சேலத்துப் பிள்ளைகள் டல்லாஸ், ஆஸ்டின் என்று வேலைக்குப் போனபிறகு, வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் புதிதாக ஒரு வகைப் படம் வரத் தொடங்கியிருக்கிறது. செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றி, பக்கத்தில் சிரித்தபடி நம் பையன், இடுப்பில் ரிவால்வர். படத்தைப் பார்த்ததும் இங்கே அயோத்தியாபட்டணத்திலோ ஏற்காடு அடிவாரத்திலோ மரவள்ளிக் காட்டைப் பன்றிக்குப் பறிகொடுத்த மாமாவுக்கு ஒரு யோசனை வருகிறது. "அவன் சுடறான், நாம சுடக் கூடாதா?"

கூடாது. இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டு காலிபர், அதாவது தோட்டாவின் அளவைச் சொல்லும் எண், பக்கம் போகலாம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதன்பிறகும் மிச்சமிருந்த வேட்டை உரிமங்கள் 1991 திருத்தத்தோடு போயின. சேர்வராயன் மலையில் எஸ்டேட் உங்களுடையதாக இருக்கலாம், உங்களிடம் துப்பாக்கி லைசென்ஸும் இருக்கலாம். பயிரைத் தின்றது என்பதற்காகப் பன்றியைச் சுட்டால் கேஸ்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டையும் பலர் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, "மூணு கிலோமீட்டர் தாண்டினா சுடலாமாம்" என்கிறார்கள். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள். விவசாயி சுடலாம் என்று அதில் இல்லை. நாட்டுத் துப்பாக்கி, அவுட்டுக்காய், வேலியில் திருட்டு கரண்ட் இதையெல்லாம் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் பன்றி சாவதைவிடப் பக்கத்துக் காட்டுக்காரரின் மாடு சாவதுதான் அதிகம் கண்ணில் படுகிறது.

இங்கே சிலரிடம் முறைப்படி லைசென்ஸ் வாங்கிய .32 ரிவால்வர் இருக்கிறது. கான்பூர் தொழிற்சாலையில் செய்வது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு காப்பித் தோட்டத்தில் நடந்தால் காட்டெருமையைச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது. அந்தத் தோட்டாவின் வேகமும் எடையும் சேர்ந்து தருகிற ஆற்றல் சுமார் 120 அடி-பவுண்டு. வளர்ந்த காளைக் காட்டெருமை முக்கால் டன்னுக்கு மேல் எடை. சுட்டால் அதற்குக் கோபம் வரும், அவ்வளவுதான். சட்டத்தின் 11-ஆம் பிரிவு உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்ததை மன்னிக்கிறது, சரி. ஆனால் காட்டெருமை முதல் அட்டவணை விலங்கு, அதாவது சட்டத்தின் மிகக் கடுமையான பாதுகாப்பில் இருப்பது. அதை வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. தற்காப்புதான் என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. ஏற்காட்டில் நாகலூர் ரோட்டில் காட்டெருமையைப் பார்த்தால் நின்று, பின்வாங்கி, வழிவிடுவதுதான் மலைக்காரர்கள் எல்லோரும் செய்வது.

இனி அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு. அங்கே கைத்துப்பாக்கி வேட்டை பல மாநிலங்களில் சட்டப்படி நடக்கிற விளையாட்டு. அதனாலேயே அதில் யோசிக்காமல் இறங்கிவிடுகிறார்கள்.

பெரிய குழி விசாவில் இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. விதிவிலக்குகளில் முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. இப்போது டெக்சாஸ் விஷயத்தைப் பாருங்கள். தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட வேட்டை லைசென்ஸே தேவையில்லை என்று 2019-ல் அந்த மாநிலம் சட்டத்தைத் தளர்த்தியது. கூட வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர் இதை நம்பி "வா, லைசென்ஸ் எதுவும் வேண்டாம்" என்று கூட்டிப்போவார். அவருக்கு வேண்டாம். எச்-1பி பையனுக்கு வேண்டும். பன்றிக்காக அல்ல, துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு. இரவல் துப்பாக்கிக்கும் இதே கதைதான். கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன்பின்னோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டைக் கல்வி வகுப்பும் முடிக்கவேண்டும், நம் பிள்ளைகள் பெரும்பாலும் அதில் வருவார்கள். வகுப்பை ஒரு தொல்லையாகப் பார்க்காதீர்கள், நல்ல வகுப்பு.

அடுத்தது காலிபர் எண்ணையே பலம் என்று எடுத்துக்கொள்வது. எண் சொல்வது குண்டின் விட்டத்தைத்தான், அதையும் ஒழுங்காகச் சொல்வதில்லை. .38 ஸ்பெஷலின் குண்டு உண்மையில் .357 அங்குலம். .44 மேக்னத்தின் குண்டு .429. பழைய பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. .45 ஏ.சி.பி. பார்க்கக் கனமான தோட்டா, ஆனால் மெதுவாகப் போவது, சுமார் 370 அடி-பவுண்டுதான் தரும். அதைவிடச் சன்னமான .357 மேக்னம், 158 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டோடு 530-ஐத் தாண்டும். சாதாரண 9 எம்.எம். சுமார் 350. முழு லோடு, அதாவது முழு பலத்துக்கு மருந்து நிறைத்த, 10 எம்.எம். 650 பக்கம் வரும். .44 மேக்னம் நல்ல நீளக் குழலில் 900-க்கு மேல். 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .500 மேக்னம் 2,500 வரை போகும். ஒப்பிட்டுக்கொள்ள ஒன்று சொல்கிறேன். அங்கே தாத்தா காலத்திலிருந்து மான் வேட்டைக்கு எடுத்துப்போகும் .30-30 ரைஃபிள் தோட்டா சுமார் 1,900. அதாவது .44 மேக்னம் என்று மிரட்டுகிற துப்பாக்கிகூட ஒரு சாதுவான ரைஃபிளில் பாதிதான்.

இதைப் படித்துவிட்டு உடனே .500 வாங்கப் போவதுதான் அடுத்த தவறு. என் அனுபவத்தில் காலிபர் போதாமல் விலங்கு தப்புவதைவிட, காலிபர் கைக்கு மிஞ்சிப்போய்த் தப்புவதுதான் அதிகம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் அந்த 500, நீளக் குழலோடு இரண்டு கிலோ எடை. கையில் பிடித்தால் ஜம்மென்றிருக்கும். முதல் வெடி உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் இறங்கியதும் மூளை ஒரு பாடம் படித்துவிடும். அதன்பிறகு ட்ரிக்கரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அடி வருமுன்பே கை பயந்து கீழே அழுத்தும், கண் மூடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நண்பரிடம் ரிவால்வரைக் கொடுத்து, ஆறு அறையில் மூன்றில் தோட்டாவும் மூன்றில் சுட்டு முடிந்த காலிக் கூடும் கலந்து போடச் சொல்லுங்கள். எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. குறிபார்த்துச் சுடுங்கள். வெடித்தால் எதுவும் தெரியாது, அதிர்ச்சி எல்லாவற்றையும் மறைத்துவிடும். காலிக் கூட்டில் 'டிக்' என்று விழும்போது குழல் நுனியிலுள்ள முன்குறியைப் பாருங்கள். அது அசையாமல் நின்றால் நீங்கள் வேட்டைக்குத் தயார். அது துளி தலைகுனிந்தால்கூட, ஐம்பது கெஜத்தில் அந்தக் குண்டு மானின் வயிற்றிலோ காலிலோதான் போயிருக்கும். கேலிக்குப் பயந்து இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் நிறைய.

அதனால் நான் சிபாரிசு செய்வது .357 அல்லது .44 மேக்னம். ரெண்டிலும் ஒரு வசதி. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷலும், .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷலும் போட்டுச் சுடலாம். பலம் குறைந்த அந்தத் தோட்டாவில் கை பழகி, அப்புறம் முழு லோடுக்கு ஏறலாம். .454 கசூலில் .45 கோல்ட் போடுவதும் அப்படியே. தலைகீழாக, .38 ரிவால்வரில் .357-ஐத் திணிக்கப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்துக்கு அது செய்யப்பட்டதல்ல. .357 மேக்னம் 1935-லும் .44 மேக்னம் 1955-லும் வந்தவை. இத்தனை வருஷத்தில் அவற்றின் குணங்குறைகள் எல்லாம் அலசப்பட்டுவிட்டன. நடுத்தர அளவு மானுக்கு .357, கிட்டத்தில் மட்டும். பன்றிக்கும் கொஞ்சம் தூரத்துக்கும் .44.

தற்காப்புக்கு வாங்கிய 9 எம்.எம். பிஸ்டலையே வேட்டைக்கும் எடுத்துப்போவது சிக்கனமாகத் தோன்றும். இங்கே பிரச்சினை பிஸ்டலில் பாதி, தோட்டாவில் பாதி. தற்காப்புத் தோட்டாவின் குழிமுனைக் குண்டு உடம்பில் பட்டதும் சட்டென்று விரிந்து சீக்கிரம் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. ஆண் பன்றியின் தோளில் கேடயம்போல ஒரு தடித்த, கெட்டியான தோல்படலம் இருக்கிறது. வயசு ஏற ஏற அது தடிக்கும். விரிகிற குண்டு அங்கேயே தன் பலத்தைச் செலவழித்துவிட்டால் நுரையீரல்வரை எட்டாது. கைத்துப்பாக்கி விலங்கைக் கொல்வது ரைஃபிள்போல அதிர்வு பரப்பி அல்ல, உயிர்நிலை வழியாக ஒரு துளை போட்டுத்தான். அந்தத் துளை மறுபக்கம்வரை போனால் நல்லது, ரத்தத்தடம் பிடிக்க உதவும். அதற்குத் தட்டைமுனை கொண்ட கெட்டியான ஈயக் குண்டு, அல்லது வேட்டைக்கென்றே கட்டுப்பாடாக விரியும் குண்டு. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். .22-வைப் பற்றி ஒரே வரி: முயலுக்குச் சரி. டெக்சாஸில் மானை .22 ரிம்ஃபயர் (கூட்டின் விளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டாவால் சுடுவதே தடை.

குழல் நீளத்தையும் பலர் கவனிப்பதில்லை. இரண்டு அங்குலக் குழல் பாக்கெட்டுக்கு வசதி, வேட்டைக்கு ஆகாது. மருந்து முழுதாக எரிந்து குண்டைத் தள்ள நீளம் வேண்டும். குறிகள் இரண்டுக்கும் இடையே தூரம் இருந்தால்தான் பிசகு கண்ணுக்குத் தெரியும். ஆறு முதல் ஏழரை அங்குலம் நல்லது. ஒஹாயோ மாநிலம் மான் வேட்டைக்குக் குழல் ஐந்து அங்குலமாவது இருக்கவேண்டும், நேர்ச்சுவர்த் தோட்டா (கூடு மேலே குறுகாமல் நேராக இருப்பது) .357-ஆவது இருக்கவேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், டெக்சாஸ் விதியை மனதில் வைத்துக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போகாதீர்கள்.

தூரம் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. வீடியோவில் ஒருவர் இருநூறு கெஜத்தில் அடித்தார் என்பார்கள். அவர் அடிப்பார், அது அவர் தொழில். உங்களுக்கான தூரத்தை ஒரு காகிதத் தட்டு சொல்லிவிடும். எட்டு அங்குலத் தட்டு ஏறக்குறைய மானின் இதயம், நுரையீரல் இருக்கும் அளவு. உட்கார்ந்து, முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி, ஐந்து தோட்டா. ஐந்தும் தட்டுக்குள் விழுகிற தூரம்தான் உங்கள் எல்லை. நாலு விழுந்து ஒன்று தவறினால் பத்து கெஜம் முன்னே வாருங்கள். பெரும்பாலோருக்கு இது ஐம்பது கெஜத்துக்குள்தான் நிற்கும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. டெலஸ்கோப் மாட்டினால் தூரம் கூடும் என்று ரைஃபிள் ஸ்கோப்பைக் கொண்டுவந்து பொருத்துகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நீட்டிய கையில் பார்ப்பதற்கென்று தனியாகக் கைத்துப்பாக்கி ஸ்கோப் இருக்கிறது. ரைஃபிள் ஸ்கோப்பில் படம் தெரிய முகத்தைக் கிட்டே கொண்டுபோனால், உதைப்பில் அது புருவத்தைப் பிளந்துவிடும்.

ரிவால்வரை ரைஃபிள்போலப் பிடிக்கக் கூடாது என்பதைக் கடைக்காரர் எப்போதும் சொல்வதில்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு வெடியிலும் அதன் வழியே சூடான வாயு கத்திபோல இருபுறமும் பாயும். இடது கை விரலை அங்கே வைத்து ஊன்றினால், மேக்னம் தோட்டாவில் சதை கிழியும். இரண்டு கையும் பிடியில்தான் இருக்கவேண்டும். காதும் அப்படித்தான். மேக்னம் சத்தம் 160 டெசிபல் வரும், ஒரே வெடி போதும் காதுக்குள் நிரந்தர இரைச்சலுக்கு. சுட்டுப் பழகும் ரேஞ்சில் காதடைப்பான் மாட்டுகிறவர்கள் காட்டில் கழற்றிவிடுகிறார்கள். சின்னச் சத்தத்தைப் பெருக்கி, வெடிச்சத்தத்தை மட்டும் அடைக்கும் எலக்ட்ரானிக் காதடைப்பான் கிடைக்கிறது. துப்பாக்கிக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கடைசியாக, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது செய்யும் தவறு. வேட்டைக்குக் கொண்டுபோன அதே முதுகுப்பையில் துணியை அடைத்துக்கொண்டு விமானம் ஏறுவது. பக்க அறையின் அடியில், தையல் மடிப்பில் ஒரு தோட்டா உருண்டு ஒளிந்திருந்தால் போதும். சென்னை விமான நிலையத்திலோ சேலத்து விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலோ ஸ்கேனரில் தெரிந்தால், துப்பாக்கி இல்லாவிட்டாலும் ஆயுதச் சட்டத்தில் கேஸ். தெரியாமல் இருந்தது என்று கோர்ட்டில் நிரூபித்து வெளியே வரலாம், ஆனால் பாஸ்போர்ட்டும் லீவும் வேலையும் அதுவரை தொங்கும். வேட்டைக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், அது அமெரிக்காவிலேயே இருக்கட்டும். வேறு வழியில்லாமல் அந்தப் பையைத்தான் எடுத்துவர வேண்டியிருந்தால், எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுக்குங்கள்.