கிரேக்கத் தீவுகளில் சொகுசுப் படகு: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழு நாள், எட்டுத் தீவு. ஏதென்ஸில் ஏறி மிகோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், இயோஸ், சாண்டோரினி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுபடி ஏதென்ஸிலேயே இறங்குவது. கேப்டன், சமையல்காரர், பணியாளர்களோடு ஒரு படகை வார வாடகைக்கு எடுக்க நினைக்கும் குடும்பங்கள் தரகரிடம் முதலில் நீட்டும் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பின்னால் வரும் செலவுக்கும் சலிப்புக்கும் விதை இந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாண்டோரினி ஏறக்குறைய 130 கடல் மைல். பாய்மரக் கேட்டமரான் (இரட்டை உடல் படகு) மணிக்கு 7, 8 கடல் மைல்தான் போகும். போவதற்கு மட்டுமே 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோட்டார் படகு சீக்கிரம் போய்விடும். ஆனால் வேகம் கூடக்கூட டீசல் தாறுமாறாகக் குடிக்கும், அதற்கும் பணம் கொடுப்பது நீங்கள்தான். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேர ஓட்டம், மீதி நேரம் நீச்சலும் சாப்பாடும் தூக்கமும் என்பதுதான் நிதானமான கேப்டன்கள் போடும் திட்டம். வாரத்துக்கு நான்கைந்து தீவுகளே தாராளம். சாண்டோரினியை விட்டுவிடுங்கள், அதை விமானத்தில் தனியாகப் போய்ப் பார்க்கலாம் என்பது என் கட்சி. அங்கே எரிமலை வாய்க்குள் கடல் முந்நூறு மீட்டருக்கும் மேல் ஆழம். நங்கூரம் போட நல்ல இடம் கிடைப்பது அரிது. தெற்குக் கரையில் இருக்கும் துறையும் சிறியது.

அடுத்தது காற்று. பள்ளி விடுமுறையைப் பார்த்து ஜூலை, ஆகஸ்டில் தேதி குறிப்பவர்கள் மெல்டெமியை மறந்துவிடுகிறார்கள். ஏஜியன் கடலில் அந்த மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் காற்று அது. நம் வாடை மாதிரி மேகத்தையும் மழையையும் கூட்டிக்கொண்டு வராது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், புகைப்படத்தில் கடல் அழகாகத் தெரியும், படகோ மணிக்கு 40, 50 கிலோமீட்டர் காற்றில் தூக்கித் தூக்கிப் போடும். காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6 என்பது அதுதான். 7, 8 வரை போகும் நாட்களும் உண்டு. தொடர்ந்து பல நாள் விடாமலும் வீசும். மிகோனோஸைச் சுற்றிய கிக்லேட்ஸ் தீவுகள் நேராக அதன் பாதையில் கிடக்கின்றன. தெற்கே போகும்போது காற்று முதுகில் இருப்பதால் சுகமாக இருக்கும். திரும்பி வடக்கே ஏறும்போதுதான் வீட்டுப் பெரியவர்கள் வாந்தி மாத்திரை தேடுவார்கள்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தேதியை மாற்றுவது: ஜூன் முற்பாதியோ செப்டம்பரோ. செப்டம்பரில் கடல் நீர் கோடையின் சூட்டோடு இருக்கும், வாடகையும் இறங்கும். தேதியை மாற்ற முடியாதென்றால் கடலை மாற்றுங்கள். மேற்குப் பக்கம் அயோனியன் கடலில் கோர்ஃபு, பாக்ஸோஸ், லெஃப்கடா, இதாக்கா, கெஃபலோனியா எல்லாம் மெல்டெமிக்கு ஒதுங்கியவை. பிற்பகலில் எழும் காற்றும் பெரும்பாலும் மாலையில் அடங்கிவிடும். ஏதென்ஸுக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றால் சரோனிக் வளைகுடா: ஏகினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்சஸ். ஹைட்ராவில் கார், பைக் கிடையாது, பெட்டி சுமப்பதும் கோவேறு கழுதைதான். துறைமுகமோ கையகலம். கோடையில் படகுகள் இரண்டு மூன்று வரிசையாக அடைத்து நிற்கும், ஒருவர் நங்கூரச் சங்கிலி மேல் இன்னொருவர் சங்கிலி விழுந்து, காலையில் சிக்கெடுப்பதே ஒரு வேடிக்கை. மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கேப்டன் சொன்னால் எழுந்து கிளம்பிவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் கேப்டன் சொல்வதே முடிவு. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கும். காற்றினால் ஒரு தீவு விட்டுப்போனால் பணம் திரும்பாது. "நாங்கள் இவ்வளவு கொடுத்திருக்கிறோமே" என்று அவரிடம் வாதாடுவதில் பயனில்லை.

இனி பணம். விளம்பரத்தில் வாரத்துக்கு 60,000 யூரோ என்று போட்டிருந்தால் அது படகுக்கும் பணியாளர்களுக்கும் மட்டுமான வாடகை. டீசல், சாப்பாடு, குடிவகை, துறைமுகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ஏ.பி.ஏ. என்ற முன்பணம் தனி; வாடகையில் 25 முதல் 35 சதவீதம் வரை கேட்பார்கள். பாய்மரப் படகுக்குக் குறைவு, மோட்டார் படகுக்கு அதிகம். அதற்கு மேல் வாட் வரி, நாட்டுக்கு நாடு வேறு: குரோவேஷியாவில் 13%, பிரான்ஸில் 20%, இத்தாலியில் 22%. கடைசியில் பணியாளர்களுக்கு அன்பளிப்பு. கட்டாயமில்லை, ஆனால் திருப்தியாக இருந்தால் 10% அளவில் கொடுப்பது அங்கே வழக்கம். உதாரணத்துக்கு ஏ.பி.ஏ. 30%, வாட் 13%, அன்பளிப்பு 10% என்று கூட்டிப் பாருங்கள்: 60,000 என்பது 91,800 ஆகிவிடும். ஏ.பி.ஏ.வில் மிஞ்சியது திரும்பி வரும், பற்றாவிட்டால் நடுவிலேயே மேலும் கேட்பார்கள். ஆகவே வார நடுவில், செவ்வாய், புதன் வாக்கில் கேப்டனிடம் கணக்கைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். ஒன்று கவனியுங்கள்: நங்கூரத்தில் நிற்கும்போதும் ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

படகு எங்கே நிற்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஏதென்ஸில் இருக்கும் படகை மிகோனோஸில் வந்து ஏற்றிக்கொள்ளச் சொன்னால், காலியாக வரும் அந்த ஓட்டத்தின் செலவும் உங்கள் தலையில்தான்.

மத்தியதரைக் கடலில் பெரும்பாலும் மைபா (MYBA) என்ற படகுத் தரகர் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தம் பயன்படுகிறது. கையெழுத்திடும்போது பாதி, புறப்பட ஒரு மாதம் முன்பு மீதியும் ஏ.பி.ஏ.யும் என்பது வழக்கமான தவணை. படத்தைப் பார்த்து மயங்கிப் பணம் அனுப்பும் முன், அந்தப் படகுக்கு வணிக உரிமம் இருக்கிறதா, பயணிகளுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று தாளாகக் கேளுங்கள். சொந்த உபயோகப் படகை நண்பர்களுக்கு விடுவதுபோலக் காட்டி வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. சோதனையில் சிக்கினால் உங்கள் விடுமுறையும் சேர்ந்து நிற்கும். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். இந்தியாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு ஒரு நிதியாண்டில் ஆளுக்கு 2,50,000 டாலர் என்ற உச்சவரம்பும், டி.சி.எஸ். என்று வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியும் இருக்கின்றன; தவணைத் தேதிக்கு முந்தைய நாள் வங்கிக்கு ஓடினால் நடக்காது.

தாத்தா பாட்டி, பெரியப்பா, அத்தை என்று பதினைந்து பேராகக் கிளம்புபவர்கள் இதையும் கவனிக்கவும். 12 விருந்தினருக்கு மேல் ஏற்றினால் சர்வதேச விதிப்படி அது பயணிகள் கப்பல். சொகுசுப் படகுகளில் மிகப் பெரும்பாலானவை 12 பேரோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் அதுதான். ஒரு வயது நிறைந்த குழந்தையும் ஒரு தலை. இரண்டு படகு எடுப்பதே நடைமுறை.

ரோட்ஸ் பக்கம் போய்விட்டுக் கண்ணுக்கு எதிரே தெரியும் துருக்கிக் கரைக்கும் ஒரு எட்டுப் போகலாம் என்று நினைத்தால், ஷெங்கன் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறை விசாவில் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. துருக்கி விசா தனி.

சாப்பாட்டுக்காக முன்கூட்டியே ஒரு விருப்பப் படிவம் வரும். அதை அவசரமாக நிரப்புவது பெரிய தவறு. "சைவம்" என்று மட்டும் எழுதினால் போதாது. மீன் இல்லை, முட்டை இல்லை, கோழிச்சாறு ஊற்றிய சூப்பும் இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். காலை ஆறரைக்கே காபி, இரவு ஒன்பதுக்குப் பின் சாப்பாடு என்றால் அதையும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி எடுத்துப் போகலாம். இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிநபர் கொண்டுவரத் தடை, அதனால் நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே பறிபோகும். தாவரச் சான்றிதழ் இல்லாமல் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது.

பெட்டி கெட்டியான டிராலியாக இருந்தால் அறையில் வைக்க இடமிருக்காது. மடித்து வைக்கக்கூடிய துணிப்பை எடுங்கள். செருப்பு ஏறும் இடத்திலேயே கூடையில் போய்விடும், தேக்குத் தளத்தில் வெறுங்கால்தான். சன்ஸ்கிரீன் எண்ணெயும் மஞ்சள் கறையும் அந்த வெள்ளை மெத்தைகளுக்கு ஆகாது.

வாரம் பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடியும். கடைசி இரவே படகு இறங்குமிடத்துக்கு அருகில் வந்திருக்கும், காலையில் இறங்கிவிட வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமையைத் தீவு நாளாகக் கணக்குப் போடாதீர்கள். மாலையில் ஏ.பி.ஏ. கணக்கை ரசீதுகளோடு பார்த்து முடியுங்கள். அன்பளிப்பை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்காமல் மொத்தமாகக் கேப்டனிடம் உறையில் கொடுத்தால் அவர் எல்லோருக்கும் பிரித்துவிடுவார்.