மெதுவாக வரும் பக்கைத் தடுப்பது எப்படி

ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டுதான் பக். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் பாயும் பக்கைப் பிடிக்கிற கோல்கீப்பர், தத்தித் தத்தி வரும் பக்கைக் கோட்டைவிடுவதுண்டு. அலட்சியம் என்று திட்டுவார்கள். பெரும்பாலும் அது நேரக்கணக்குப் பிழைதான்.

எதிரணியின் தாக்குதல் பகுதி தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து கோல் வரை ஏறக்குறைய 20 மீட்டர். வேகமான அடி அந்தத் தூரத்தை அரை நொடிக்குள் கடந்துவிடும், 50 கி.மீ. வேகத்தில் வருவதற்கோ கிட்டத்தட்ட ஒன்றரை நொடி ஆகும். அரை நொடிக்குப் பழகிய உடம்பு முன்கூட்டியே மண்டியிட்டுவிடுகிறது. அப்படிக் காத்திருக்கும்போது ஸ்டிக் ஐஸை விட்டு எழும்பும், முழங்கால்கள் விலகும். பக் அந்தச் சந்தில் நுழைந்துவிடும்.

இன்னொரு தொல்லை பக்கின் போக்கு. வேகம் குறைந்த பக்கை ஐஸின் கீறல்கள் எளிதில் திசைதிருப்பும். விளிம்பில் எழுந்து உருண்டாலோ, ஸ்டிக்கைத் தாண்டிக் குதித்தாலோ கணிப்பது கடினம். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் காலிறுதியில் பெலாரஸின் கோபாட் தொலைவிலிருந்து அடித்த பக், சுவீடன் கோல்கீப்பர் சாலோவின் முகக்கவசத்தில் பட்டு, அவரைத் தாண்டி கோலுக்குள் விழுந்தது. பெலாரஸ் 4-3 என வென்றது. எளிதாகத் தெரிவதெல்லாம் எளிதல்ல.

ஆகவே நின்றே காத்திருங்கள். சிறு நகர்வுகளால் உடம்பைப் பக்கின் நேர்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டிக்கின் தட்டை ஸ்கேட்டுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி ஐஸில் பதித்து வையுங்கள். ஒட்டிவைத்தால் பக் காலில் மோதி உள்ளே திரும்பும். பக் ஒரு ஸ்டிக் நீளத்துக்குள் வந்த பிறகே மண்டியிடுங்கள். குதித்து வருவதை ஸ்டிக்கால் மட்டும் தட்டப் பார்க்காதீர்கள். கால்களில் கட்டிய பேடுகளைச் சேர்த்துப் பின்னால் சுவராக்கி, கிளவுஸை மேலே வைத்து அமுக்குங்கள்.

இதில் மிகவும் கெடுப்பது கண்தான். அடுத்து யாருக்குத் தள்ளலாம் என்று தலையை உயர்த்தும் அந்த நொடியில்தான் பக் நழுவும். அது கையில் அடங்கும்வரை மூக்கு அதன் பக்கமே இருக்கட்டும்.

பயிற்சியில் வேகமான அடிகளை மட்டும் வாங்குவதுதான் பலர் செய்யும் தவறு. பத்து அடிகளில் மூன்றை, எப்போது வரும் என்று சொல்லாமல், மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றாவது நடுக்கோட்டிலிருந்து குதித்து வரட்டும். ஆட்டம் களத்தின் மறுபாதியில் நடக்கும்போது கோலின் கம்பத்துக்குக் கம்பம் நகர்ந்துகொண்டே இருங்கள். விறைத்த கால் மெதுவான பக்குக்கும் பிந்தும்.