மண்டபத்தில் முழக்கமா? ஃபோம் வாங்கும் முன் படியுங்கள்

கடலூர்ப் பக்கம் மைக் செட் தொழிலுக்கு வரும் தம்பிகள் ஒயரை மாற்றிச் சொருகுவதைப் பற்றி எழுதப்போவதில்லை. நாலு கல்யாணம் பார்த்தால் அது தானாகச் சரியாகிவிடும். சத்தம் சுவர்களில் மோதி மோதி அடங்காமல் சுற்றும் எதிர்முழக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் காசைத் தின்கிறது.

சுவரெல்லாம் ஃபோம்

மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு புது மண்டபம். டைல்ஸ் தரை, வழவழ சுவர். கை தட்டினால் சத்தம் அடங்கவே அடங்காது. யாரோ சொன்னார்கள் என்று ஓனர் சுவர் முழுக்க ஒரு அங்குல ஃபோம் ஒட்டிவிட்டார். அடுத்த முகூர்த்தத்தில் நாதஸ்வரம் மந்தமாகக் கேட்டது. தவிலின் தொப்பிப் பக்கம் மட்டும் பழையபடி கும்மென்று சுற்றிக்கொண்டே இருந்தது. செலவு செய்து கெடுத்ததுதான் மிச்சம்.

சத்தம் சுவரில் மோதும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றலை இழக்கிறது. அது 60 டெசிபல் இறங்க, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். இது சுருதிக்குச் சுருதி மாறும். கும்மென்ற 125 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 2.75 மீட்டர், ஒரு அங்குலப் பஞ்சு அதை என்ன செய்யும்? கீச்சுச் சத்தத்தை மட்டும் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும்.

பஞ்சு சத்தத்தை எவ்வளவு உறிஞ்சும் என்று கடைக்காரர் காட்டும் என்.ஆர்.சி. எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். அது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் நாலின் சராசரி. 125 அதில் சேர்த்தியே இல்லை! 125-க்கான எண்ணைத் தனியாகக் கேளுங்கள். நாலு அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), பின்னால் சுவரிலிருந்து இடைவெளி, மேலே துணி: கும்முக்கு இதுதான் வேலை செய்யும். அப்புறம், ஓமம் வளர்க்கும் இடத்தில் சாதா ஃபோம் ஒட்டுவது நெருப்போடு விளையாட்டு.

முட்டை அட்டை

முழக்கம் அடங்க அதைச் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். வேண்டாம்.

காலி மண்டபத்தில் செக்கிங்

அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895 முதல் ஹார்வர்டில் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து போட்டு, ஆர்கன் குழாயும் கடிகாரமும் வைத்துக் கண்டுபிடித்த எதிர்முழக்க நேரக் கணக்கு இது: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் (சத்தத்தை முழுக்க விழுங்கும் எத்தனை சதுர மீட்டர் பரப்புக்குச் சமம் என்ற அளவு) வகுக்க வேண்டும். 20க்கு 12 மீட்டர், 5 மீட்டர் உயர மண்டபத்தில் உறிஞ்சல் 32 சதுர மீட்டர் என்றால் 6 விநாடி. ஆளுக்கு அரை சதுர மீட்டர் வைத்து 200 பேரை உட்கார வையுங்கள், ஒன்றரை விநாடிக்கு இறங்கிவிடும். காலையில் காலி ஹாலில் வைத்த ஈக்வலைசரை (கும்மையும் கீச்சையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) பந்தி நேரத்திலும் தொடாமல் விட்டால் எப்படி?

புரியலையா, வால்யூமை ஏற்று

முழக்கமும் கூடவே ஏறும். ஸ்பீக்கர் பெட்டியை ஆட்கள் பக்கம் சாய்த்து வையுங்கள்.