நிலாவின் கதையைத் திதி பார்த்துப் படிப்பது எப்படி

நிலாவைக் கூர்ந்து பார்க்கப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று சூரிய ஒளி நேர் எதிரே விழுவதால் மலைக்கும் குழிக்கும் நிழல் இருக்காது. மேடு பள்ளம் தெரிய நிழல் வேண்டும். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டில்தான் அது நீண்டு விழும், ஏனென்றால் வளர்பிறையில் அந்த இடத்தில் அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. இன்று அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்பதை வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே சொல்லிவிடும். ஒரு திதி என்பது சூரியனிலிருந்து நிலா 12 பாகை விலகும் காலம். எனவே திதிக்குத் திதி எல்லைக்கோடும் நிலாவின் மேல் 12 பாகை நகரும். திதி முடியும் நேரமும் காலண்டரில் இருக்கும். மாலை 7 மணிக்கு எந்தத் திதி நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பரமத்திவேலூர்ப் பக்கத்துப் பெண், நிலவியல் படித்தவள். இப்போது பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து நட்சத்திரங்கள் அதிகம் தெரியாது. நிலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே தடை மேகம்தான். ஆகவே டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம். பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸுள்ள 10×50 பைனாகுலர் போதும். முழங்கைகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். அசையாத கை பெரிய லென்ஸைவிட அதிகம் காட்டும்.

நிலா வரைபடத்தை அச்சில் இருக்கிறபடியே பிடித்துப் பார்த்தால் பெங்களூரில் குழப்பம் வரும். பெரும்பாலான படங்களில் வடக்கு மேலே இருக்கும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 13 பாகை வடக்கில் இருக்கிறோம். மாலையில் மேற்கே சாயும் நிலாவைப் பார்த்து நின்றால் அதன் வடக்கு நம் வலக்கைப் பக்கம் இருக்கும். படத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் வட்டம் திருப்பிப் பிடியுங்கள். எல்லாம் பொருந்திவிடும்.

இனி எது எதன்மேல் கிடக்கிறது என்ற ஒரு கேள்வியோடு பாருங்கள். மேலே இருப்பது பிந்தியது, கீழே இருப்பது முந்தியது. பாறை படித்தவர்கள் எல்லோரும் முதலில் கற்கும் விதி இது. நிலாவில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. நடந்தவற்றின் வரிசையைக் கலைக்க ஆளில்லை.

நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். நான் அந்தப் பிறையிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். சதுர்த்தியன்று அடிவானத்தை நோக்கிய ஓரத்தில் முட்டை வடிவக் கருந்திட்டு ஒன்று தெரியும். அது கிரைசியம் கடல். ஏறத்தாழ 500 கி.மீ. அகலமுள்ள அதில் ஒரு சொட்டு நீர்கூடக் கிடையாது. பெரிய விண்கல் ஒன்று மோதித் தோண்டிய பள்ளத்தில், பிற்பாடு உள்ளிருந்து எரிமலைக் குழம்பு பொங்கி நிரம்பி உறைந்தது. கறுப்பாகத் தெரிவது அந்தப் பசால்ட் பாறை.

சஷ்டியன்று தெற்குப் பக்கம் தியோஃபிலஸ், சிரில்லஸ் என்ற இரண்டு கிண்ணக்குழிகளைத் தேடுங்கள். இரண்டும் சுமார் 100 கி.மீ. அகலம். தியோஃபிலஸின் விளிம்பு முறியாமல் நிற்கிறது; சிரில்லஸின் விளிம்பை அது வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. எது மூத்தது என்று சொல்ல வேறு சான்று தேவையில்லை. இந்த ஜோடியைப் பார்க்காமல் அடுத்த திதிக்குப் போகாதீர்கள்.

அஷ்டமி, நவமியில் அப்பினைன் மலைத்தொடர் வெளிச்சத்துக்கு வரும். அதன் சிகரங்கள் சுற்றியுள்ள சமவெளியிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. உயர்ந்து நிற்கின்றன. நம் இமயமலை கோடிக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல மெல்ல உயர்ந்தது. அப்பினைன், சுமார் 390 கோடி ஆண்டுகளுக்கு முன் இம்பிரியம் பள்ளத்தை உண்டாக்கிய ஒரே மோதலில் எழுந்த விளிம்பு. நவமியன்று வடக்கே பிளேட்டோ என்ற கிண்ணக்குழியும் தெரியும். அதன் தரை குழம்பால் நிரம்பிச் சமமாகிவிட்டது. தசமியன்று கோபர்நிக்கஸ் என்ற குழி, வயது சுமார் 80 கோடி ஆண்டுகள்.

பௌர்ணமிக்கும் ஒரு வேலை உண்டு. தெற்கே டைக்கோ என்ற குழியிலிருந்து வெள்ளைக் கதிர்கள் நிலா முழுதும் பரவியிருப்பது அன்றுதான் பளிச்சென்று தெரியும். அந்தக் கதிர்கள் கடல்களின் மேலும் மேடுகளின் மேலும் விழுந்து கிடக்கின்றன. ஆகவே எல்லாவற்றுக்கும் பிந்தியவை. டைக்கோவுக்கு வயது சுமார் 11 கோடி ஆண்டுகள்தான். பூமியில் அப்போது டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்தன.

கதிர் எப்படி உண்டாகிறது என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட, அகலத் தட்டில் அரிசி மாவை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மேலே ராகி மாவை மெல்லிசாகச் சலித்துத் தூவி, ஒரு கோலிக்குண்டை நேராகக் கீழே விடுங்கள். அடியிலிருந்த வெள்ளை சிதறிக் கறுப்பின் மேல் கோடு கோடாக விழும். கோலியைச் சாய்வாக எறிந்தால் குழி நீள்வட்டமாகும். ஆனால் நிலாவில் அநேகமாக எல்லாக் குழியும் வட்டமே. 1890களில் அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட்டுக்குச் சிக்கலாக நின்றது இதுதான். விண்கல் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், இறங்கிய இடத்தில் குண்டு வெடித்ததுபோல் வெடிக்கிறது. வெடிப்புக்குச் சாய்வு ஏது? தட்டில் அந்த வேகம் கிடைக்காது என்பதைக் குழந்தைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசியாக, கருந்திட்டுகளுக்கு வெளியே இருக்கும் வெண்மேடுகள். அவைதான் எல்லாவற்றுக்கும் முந்தியவை. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் பூமிமீது மோதியது, தெறித்த குழம்பும் ஆவியும் திரண்டு நிலாவானது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கல்லிலும் மண்ணிலும் உள்ள ஆக்சிஜனின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதம் பூமியினுடையதோடு ஏறக்குறைய ஒத்துப்போவது அதற்குப் பெரிய ஆதாரம். புதிய நிலாவின் மேற்பரப்பு முழுதும் பாறைக் குழம்பாகக் கொதித்தது. கனமான கனிமங்கள் அடியில் தங்கின, எடை குறைந்த பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம் மிதந்து மேலே வந்து அனார்த்தோசைட் என்ற வெண்பாறைத் தோலாக இறுகியது.

அந்தப் பாறை வகை எங்கள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபின் பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணின் கலவையும் அந்தக் குழம்புக் கடல் விளக்கத்தோடு பொருந்தியது. ஊருக்குப் போகும்போது சித்தம்பூண்டிக் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். அன்றிரவே நிலாவின் வெண்மேட்டையும் பாருங்கள். எனக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வானத்தில் இல்லை.

வளர்பிறையோடு நிறுத்திவிடாதீர்கள். தேய்பிறை அஷ்டமியன்று விடியற்காலை 5 மணிக்கு மாடி ஏறினால் நிலா உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். இப்போது ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து விழுவதால், வளர்பிறை அஷ்டமியில் நிழலில் மூழ்கியிருந்த அப்பினைன் மலைச்சரிவு முழுதும் வெளிச்சத்தில் நிற்கும்.