வாய்ஸ் மேஜர் எடுப்பவர்கள் பணத்தில் கோட்டைவிடும் இடங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் வாய்ஸ் மேஜர் (பாட்டை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பு) சேரப்போகும் பிள்ளைகளை ஆடிஷனுக்குத் தயார் செய்கிறேன். பாட்டில் தேறிவிடுகிறார்கள், பணக்கணக்கில் எங்கள் காலத்துத் தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். ஃபாஃப்சாவை (அரசு நிதியுதவிக்கான விண்ணப்பம்) நேரத்தோடு போடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விடுகிறேன்.

உதவித்தொகையின் அளவைப் பார்த்து மயங்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு மாணவிக்குத் தனியார் கன்சர்வேட்டரி (இசைக் கல்லூரி) ஆண்டுக்கு 25,000 டாலர் தருவதாகக் கடிதம் அனுப்பியது. சொந்த மாநிலப் பல்கலைக்கழகம் தந்தது 6,000. வீட்டில் கேக்கே வெட்டிவிட்டார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கன்சர்வேட்டரியில் 70,000. கழித்தது போகக் கட்ட வேண்டியது 45,000. பல்கலைக்கழகத்தில் 28,000, கட்ட வேண்டியது 22,000. நான்கு ஆண்டுக்கு வித்தியாசம் 92,000 டாலர்! "ஆனா அவங்கதானே நிறைய தர்றாங்க?" என்றார் அப்பா.

அதோடு முடிவதில்லை. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். உதவித்தொகை பெரும்பாலும் அப்படியே நிற்கும். பொதுவாக எட்டு செமஸ்டருக்குத்தான் தருவார்கள். இசை ஆசிரியர் பட்டம் எடுத்து, கற்பித்தல் பயிற்சியால் ஒன்பதாவது செமஸ்டர் வந்தால் அது உங்கள் தலையில். மேஜர் மாறினாலோ, கொயரை (குழுப்பாடல் குழு) விட்டாலோ, ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) இறங்கினாலோ தொகை போய்விடலாம். நிபந்தனைகளைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

அப்புறம், சேர்வதை உறுதி செய்ய வழக்கமான கடைசி நாளான மே 1க்கு முன் வாய் திறந்து கேளுங்கள். மற்ற கல்லூரியின் கடிதத்தை இணைத்து, கூட்டித் தர முடியுமா என்று இசைத் துறைக்கு மரியாதையாக எழுதினால் சீட் போகாது. டெனர்களுக்கு (உச்சக் குரல் ஆண்கள்) பேரம் பேசும் பலம் கூடுதல். சோப்ரானோக்கள் (உச்சக் குரல் பெண்கள்) எங்கும் ஏராளம். அநியாயம்தான்.

ஆடிஷன் செலவை மறப்பது

முன்தேர்வுக்கான வீடியோப் பதிவு, பியானோ வாசிப்பவருக்குக் கூலி, விண்ணப்பக் கட்டணம், விமானம், ஓட்டல். கண்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பிக்காதீர்கள்.

தனிப்பாடக் கட்டணம்

ஆசிரியரிடம் தனியாகப் பாட்டுக் கற்பதற்கான கட்டணம் பல இடங்களில் டியூஷனில், அதாவது கல்லூரியின் படிப்புக் கட்டணத்தில், சேராது. கேளுங்கள்.

இலவசப் படிப்பை மட்டும் நம்புவது

பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரியில் 1928 முதல் டியூஷன் கிடையாது. எடுப்பது மிகச் சிலரை. யேல் இசைப் பள்ளியும் டியூஷன் வாங்குவதில்லை, ஆனால் அங்கே இருப்பது இளநிலை முடித்தவர்களுக்கான மேற்படிப்பு.

இளநிலையிலேயே கைப்பணத்தைத் துடைத்துவிடுவது

ஓபராவுக்கான குரல் முதிர இருபதுகளின் பிற்பகுதி ஆகும்; பலர் மாஸ்டர்ஸ் போகிறார்கள். அங்கே உதவியாளர் பணி கிடைத்தால் டியூஷன் குறையும், சில இடங்களில் முழுதுமே கழியும். சாப்பாடும் வாடகையும் அப்போதும் உங்கள் பொறுப்புதான்.